கலரைக் குறைக்க மாட்டேன்

கண்ணைத் திறக்காதீங்க அண்ணாச்சி. திறந்தா அந்த நர்ஸம்மா வந்து இன்னொரு சொட்டு விட்டுரும். எனக்கு இப்பத்தான் விட்டுட்டுப் போச்சு. "நீங்க பேசிக்கிட்டே கண்ணைத் திறந்து திறந்து பாக்கறீங்க, கண்ணுப் பாப்பா எப்படி விரியும்?"னு என்னைத் திட்டிட்டு வேற போச்சு. எனக்குப் பேசினா ஆளு முகத்தைப் பாத்துப் பேசணும். கடையில உக்காந்து உக்காந்து வந்த பழக்கம். சரி, இன்னைக்கு ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டே பேசுவோம். நேரம் போகணும்ல.

எனக்குக் கண்ணுல ஒண்ணும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிர்றேன். நீங்க என்னையும் ஒரு நோயாளின்னு நினைச்சுராதீங்க. நான் வந்தது சர்டிபிகேட்டுக்கு. 'இவர் கண் நன்றாக உள்ளது'ன்னு டாக்டர் ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுத்தாப் போதும். அதைக் கொண்டு போய் எங்க போட்டோ கிளப் மேசையில டப்புனு வைக்கணும். இம்மானுவேல் சார் முன்னாடி வைக்கணும். வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்துரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

தனுஷ்கோடின்னு பேரு. விருதுநகர்ல பெயிண்ட் கடை. நீங்க எந்த ஊரு? சாத்தூரா! சாத்தூர்ல பாதி வீட்டுச் சுவத்துல நம்ம கடை பெயிண்ட்டுதான் அண்ணாச்சி. இப்பத்தான் மிஷினு வந்துருச்சு, நம்பரைத் தட்டினா கலரை அதுவே கலந்து குடுத்துரும். முன்னாடியெல்லாம் வீட்டுக்காரன் சுவத்துலேர்ந்து ஒரு சில்லு பேத்துக் கையில கொண்டுக்கிட்டு வருவான். நான் வாங்கி, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டு, எதுல எத்தனை சொட்டுன்னு சொல்லிருவேன். அடிச்சா ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. அப்பேர்ப்பட்ட கண்ணு இது.

இந்த ஹாலுக்கு என்ன கலர் அடிச்சிருக்கான்னு உள்ள வரும்போது கவனிச்சீங்களா? மோர்க்குழம்பு மஞ்சள். கண்ணாஸ்பத்திரிக்கு எவனாச்சும் மஞ்சள் அடிப்பானா? என்னது? வெள்ளையா? அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு கண்ணு ஆபரேஷன் ஆயிருச்சுன்னு சொன்னீங்கள்ல, அதான். புது லென்ஸ் வச்சா கொஞ்ச நாளைக்கு எல்லாம் வெளுப்பாத்தான் தெரியும். எங்க வீட்டுலயும் அதே கதைதான். அதுக்குத்தான் வர்றேன்.

ஆனா முதல்ல நான் எடுக்கற எச்.டி.ஆர். போட்டோன்னா என்னன்னு சொல்லணும், இல்லேன்னா உங்களுக்கு என் நியாயம் விளங்காது. இப்ப நீங்க சன்னலுக்கு முன்னாடி நிக்கறீங்கன்னு வைங்க. போட்டோ எடுத்தா என்ன ஆகும்? சன்னல் வெள்ளையா வெந்து போகும், உங்க மூஞ்சி கரியா விழும். மனுசன் கண்ணு அப்படியா பாக்குது? ரெண்டையும் பாக்குது. கேமராவுக்கு அந்தத் துப்பு கிடையாது. அதனால ஒரே இடத்துல கேமராவை டிரைபாட்ல நிறுத்தி, மூணு படம் எடுக்கணும். ஒண்ணு இருட்டா, ஒண்ணு நடுவாந்தரமா, ஒண்ணு நல்ல வெளிச்சமா. இருட்டுப் படத்துலேர்ந்து வானம், வெளிச்சப் படத்துலேர்ந்து நிழல்ல கிடக்கறது எல்லாம். மூணையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பிசைஞ்சா ஒரு படம் வரும் பாருங்க, கண்ணுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும். பிசைஞ்ச பிறகு கலரைக் கூட்டக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கு. ரேடியோவுல சத்தம் வைக்கற மாதிரி, இடப்பக்கம் தள்ளினாக் குறையும், வலப்பக்கம் தள்ளினாக் கூடும். என் சண்டை பூரா அந்த ஒரு ஸ்லைடர்லதான்.

இதுல ஒரு தொந்தரவு என்னன்னா, மூணு கிளிக் முடியற வரைக்கும் ஆளு அசையக் கூடாது. அசைஞ்சா மூணு படமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது. ஒரு ஆளுக்கு ரெண்டு மூக்கு வரும், தோள்ல ஆவி மாதிரி இன்னொரு தோள் நிக்கும். ஊர்ல எவன் எனக்காக அசையாம நிப்பான்? சொர்ணம்தான் நிப்பா. என் வீட்டுக்காரி. முதல்லயெல்லாம் ரெண்டாவது கிளிக்குல சிரிச்சுருவா. "மூச்சு விடாதடி"ன்னு கத்துவேன். அப்புறம் பழகிட்டா. டிரைபாட்டை விரிச்ச உடனே போய் நின்னு, மூச்சைப் பிடிச்சு, கற்சிலை கணக்கா நிப்பா. பால்காரன் பாத்து ஒரு நாள் பயந்தே போயிட்டான்.

தெப்பக்குளத்துல எடுத்தேன் அண்ணாச்சி, சண்டைக்குக் காரணமான அந்தப் படத்தை. சாயந்தரம், விளக்குப் போடற நேரம். பின்னால வானம், தண்ணியில கடைத்தெரு விளக்கெல்லாம் நெளியுது. படிக்கட்டுல சொர்ணம். கத்திரிப்பூ கலர்ப் பட்டு. கத்திரிக்கா கலர் இல்ல, கத்திரிப்பூ. அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் பெயிண்ட் கடை வைக்கக் கூடாது. மதுரையில நானே போயி, கடைக்காரன் அலமாரி பூரா இறக்க வச்சு, வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்துல பாத்து எடுத்த சேலை. எங்க மூத்த மக கல்யாணத்துக்கு முதமுதல்ல கட்டினா. மண்டபத்துல எத்தனையோ பேரு பட்டு கட்டியிருந்தாங்க, எனக்கு அந்த ஒரு சேலைதான் தெரிஞ்சுது. இப்பவும் கண்ணை மூடினா அந்தக் கலர் அப்படியே நிக்குது. இதோ, இப்ப மூடித்தானே இருக்கேன், நிக்குது.

படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன், சேலை சாம்பல் பூசின மாதிரி கிடக்கு. சொர்ணம் மூஞ்சி பழைய பத்திரிகைக் காகிதம் மாதிரி கிடக்கு. கேமரா பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சு போச்சு. எனக்குத்தான் அந்தச் சேலை தெரியுமே! அதனால தள்ளினேன். இன்னும் தள்ளினேன். மத்தியானம் கடை சாத்தற நேரமெல்லாம் அதுதான் வேலை. ஒரு கட்டத்துல கத்திரிப்பூ வந்து நின்னுச்சு பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அவ மூஞ்சியும் மஞ்சள் தேச்சுக் குளிச்ச மாதிரி எழுந்து வந்துச்சு. "சொர்ணம், இங்க வா"ன்னு கூப்பிட்டுக் காட்டினேன். முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்து பாத்துட்டு, "நல்லாருக்குங்க"ன்னா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டா. எந்தப் படத்தைக் காட்டினாலும் அதே ரெண்டு வார்த்தைதான். ஆனா மனசாரச் சொல்லுவா. அது தெரியும் எனக்கு.

கிளப்புக்குக் கொண்டு போனேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை டுடோரியல் மாடியில கூடுவோம். வாத்தியாருங்க, பேங்க்காரங்க, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருத்தர். பேர் சொல்லாம திரையில ஒவ்வொரு படமாப் போடுவாங்க, எல்லாரும் குறை நிறை சொல்லுவாங்க. யாரு எடுத்ததோ அவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில எழுந்திரிச்சு 'நன்றி' மட்டும்தான் சொல்லலாம். வாய்ப்பூட்டுன்னு பேரு இதுக்கு. எனக்கு வாய்ப்பூட்டு! நினைச்சுப் பாருங்க. பேர் சொல்லலேன்னாலும் என் படம் திரையில விழுந்த உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிரும். அது ஒரு பெருமைதான். ஒரு ஆளு வேலையைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கறது லேசா?

அன்னைக்கும் திரும்பினாங்க. ஆரம்பிச்சாங்க. ஒருத்தன், "சேலை கண்ணைக் குத்துது"ங்கறான். பேங்க்காரர், "தண்ணியில ரங்கோலி கொட்டின மாதிரி இருக்கு"ங்கறாரு. தீப்பெட்டிக்காரர், "எங்க ஆபீஸ்ல லேபிளுக்கு ஆகும்"ங்கறாரு, அதுக்கு ஒரே சிரிப்பு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கடைசியா இம்மானுவேல் சார். ரயில்வேயில பெரிய வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, கிளப்புக்குச் செயலாளர். அந்த மனுசன் வாழ்நாள் பூரா கருப்பு வெள்ளையில எடுத்தவரு அண்ணாச்சி! கலருன்னு ஒண்ணு அவரு கேமராவுக்குள்ள போனதே கிடையாது. அவரு எனக்குக் கலர் சொல்லித் தர்றாரு. "மூணு படத்தையும் சேர்த்த விதம் அருமை, ஆவி ஒண்ணு கூட இல்ல, அந்தம்மா நிக்கற நிலை அபாரம். ஆனா கலரைப் பாதியாக் குறைச்சா இது வேற படம்"னாரு. வேற படம் எனக்கு எதுக்கு? எனக்கு இந்தப் படம்தானே வேணும்!

எழுந்திரிச்சேன். நன்றின்னுதான் சொல்லணும். நான் சொன்னது, "நான் ஏன் குறைக்கணும்?" பூட்டு உடைஞ்சு போச்சு. கிளப்பு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து யாரும் அப்படிப் பேசினதில்லையாம். பேசாட்டி என்ன? அவங்க படமெல்லாம் எப்படி இருக்குன்னு சொல்லவா? புழுதிக் காத்துல எடுத்த மாதிரி. வானம் பூரா அழுக்கு வேட்டி. அதுக்கெல்லாம் "என்ன ஒரு அடக்கம், என்ன ஒரு அமைதி"ன்னு கை தட்டுவாங்க. கலரைக் கொல்லுறதுக்குப் பேரு அடக்கமா? கோயில் கோபுரத்தைப் பாத்திருக்காங்களா இவங்க? ஐயனார் குதிரையைப் பாத்திருக்காங்களா? நம்ம ஊர்ல எவன் கலருக்குப் பயந்தான், சொல்லுங்க.

இதை விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். கூட்டம் முடிஞ்சு வண்டியை எடுக்கறேன், இம்மானுவேல் சார் மாடியிலேர்ந்து கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வர்றாரு. என் தோள்ல கையை வைக்கறாரு. மெதுவா, யாருக்கும் கேக்காம சொல்றாரு: "தனுஷ்கோடி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை கண்ணைக் காட்டிருங்களேன்."

இது எப்படி இருக்கு! முகத்துக்கு நேரா, 'உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு'ன்னு சொல்றது எப்படி இருக்கு! தோள்ல கையை வேற வச்சுக்கிட்டு! நாலு பேருக்கு முன்னாடி திட்டியிருந்தா மறந்திருப்பேன். தனியா வந்து, குரலைத் தணிச்சு, இரக்கப்பட்ட மாதிரி சொல்றாரு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. கையைத் தட்டி விட்டுட்டு வண்டியை எடுத்தேன். வருஷக் கண்காட்சிக்கு ஆள் விட்டுச் சொன்னாங்க, கலரைக் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தா நடுச்சுவத்துலயே மாட்டறோம்னு. மாட்டவே வேணாம்னுட்டேன். பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு, பிரேம் போட்டு, என் வீட்டு ஹால்ல நானே மாட்டினேன். கதவைத் திறந்த உடனே சொர்ணம் தெப்பக்குளப் படியில நிப்பா. யாரு வேணும் எனக்கு?

கண்ணைப் பத்திச் சொல்றாங்களே, என் கண்ணைப் பத்தி ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போட்டோ எடுக்கறவங்க விளக்கெல்லாம் நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு தெரியணும்னு கேமராவுக்கு முன்னாடி தனியா ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுவாங்க. எனக்கு அது வேண்டியதே இல்ல. எதுக்க வர்ற லாரி வெளிச்சம் எனக்குச் சும்மாவே நட்சத்திரமா விரியுது. ஒவ்வொண்ணுக்கும் ஆறு கால், எட்டு கால். பிறவியிலேயே கலைக்கண்ணு ஒருத்தனுக்கு அமைஞ்சா அப்படித்தான். மச்சினன்கிட்ட சொன்னேன், அவன் அன்னையிலேர்ந்து என்னை ராத்திரி வண்டி ஓட்ட விடறதில்ல. பொறாமை.

கடையிலயும் அவன்தான் இப்ப கலர் பாக்கறான். சில்லு பேத்துக் கொண்டு வந்த ரெண்டு மூணு பேரு, "அண்ணாச்சி, நீங்க குடுத்தது ஒட்டல, திட்டுத் திட்டாத் தெரியுது"ன்னு டப்பாவோட திரும்பி வந்தாங்க. வெயில் அடிக்கற சுவரு ஒரு மாதிரி, அடிக்காத சுவரு ஒரு மாதிரி. இது அவங்களுக்குப் புரியுமா? மச்சினன், "மாமா, நீங்க கல்லாவுல உக்காருங்க, நான் பாத்துக்கறேன்"னான். வயசுல சின்னவன், ஆசைப்படறான், பழகட்டும்னு விட்டுக் குடுத்தேன்.

சொர்ணத்துக்குத்தான் அண்ணாச்சி நிஜமாவே கண்ணுல புரை. ஊசியில நூல் கோக்க முடியல, ரசத்துல பெருங்காயக் கட்டி கிடக்கறது தெரியலன்னு ஆரம்பிச்சுது. எங்க தெருவுக்கே கண்ணு முகாம் வந்தப்ப பாத்துட்டு, புரை முத்திப் போச்சுன்னு சொன்னாங்க. இதே ஆஸ்பத்திரியிலதான் போன மாசம் ஒரு கண்ணுக்குப் பண்ணினாங்க. நான்தான் கூட இருந்தேன். கட்டுப் பிரிச்ச உடனே டாக்டரைப் பாக்கல, என்னைப் பாக்கல, அவ கையை விரிச்சு வச்சு அதையே பாத்துக்கிட்டு இருந்தா. "இவ்வளவு சுருக்கமா விழுந்துருக்கு"ன்னு சிரிச்சா. வெளிய வந்தா வேப்பமரத்தைப் பாத்துட்டு நிக்கறா. "இலை இலையாத் தெரியுதுங்க"ங்கறா. எனக்கும்தான் மரம் தெரியுது, நான் என்ன ஊரைக் கூட்டியா சொல்றேன்?

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நினைச்சதைச் சொல்றேன், சிரிக்காதீங்க. புரையோட பாத்தே 'நல்லாருக்கு'ன்னு சொன்னவ, புதுக் கண்ணோட பாத்தா என்ன சொல்லுவா! வாய் விட்டு நாலு வார்த்தை கூடச் சொல்லுவா. கிளப்பே வேணாம், அந்த நாலு வார்த்தை போதும்னு இருந்தேன். வர்ற வழியெல்லாம் பஸ்ல எனக்கு இருப்பே கொள்ளல.

வீட்டுக்கு வந்தோம். நான் முன்னாடி போய்க் கதவைத் திறந்துட்டு, ஒதுங்கி நின்னேன். உள்ள வந்தா. படத்தைப் பாத்தா.

நின்னுட்டா அண்ணாச்சி. டிரைபாட்டுக்கு முன்னாடி நிப்பாளே, அதே மாதிரி. மூச்சு விடற சத்தம் கூட இல்ல. நான் பக்கத்துல போய், "எப்படி?"ங்கறேன். படத்தைப் பாக்கறா, என்னைப் பாக்கறா. மறுபடி படத்தைப் பாக்கறா. கிட்டப் போய் அந்தச் சேலை மேல விரலை வைக்கறா, எடுக்கறா. அப்புறம் கேட்டா: "இது இப்படித்தாங்க இருந்துச்சா, நான் பாத்தப்பவும்?"

"அதே படம்தான்"னேன்.

"அப்ப உங்க கண்ணுக்கு நான் எப்படிங்க தெரியறேன்?"

என்ன கேள்வி இது? முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவன்கிட்ட கேக்கற கேள்வியா? "நல்லாத்தான் தெரியற"ன்னேன். அவ்வளவுதான், சோபாவுல உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. ஆபரேஷன் பண்ணின கண்ணு, அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காங்க, இவ முந்தானையை வச்சு வச்சு ஒத்திக்கிட்டு அழறா. "இவ்வளவு கலர் ஏத்தினாத்தான் நான் உங்களுக்கு நானாத் தெரியறேனா?"ங்கறா. எனக்கு ஒண்ணும் விளங்கல. யாராச்சும் ஒரு போட்டோவுக்காக அழுவாங்களா? ஊரே குறை சொன்னப்ப எனக்கு ரோமம் கூட அசையல அண்ணாச்சி. ஆனா அவ அழுதப்ப நெஞ்சை என்னவோ பண்ணிருச்சு. என் பக்கம் இருந்தது அவ ஒருத்திதான். அவளும் அந்தப் பக்கம் போயிட்டா.

உலகத்துல யாருக்கும் சொல்லாத வார்த்தையை அவளுக்குச் சொன்னேன். "சரி, உனக்காகக் கொஞ்சம் குறைக்கறேன். உனக்காக மட்டும்"னேன். வேணாம்னுட்டா! "ஒண்ணும் குறைக்காதீங்க, அது அப்படியே இருக்கட்டும். நீங்க கண்ணைக் காட்ட வாங்க"ங்கறா. இதுல என்ன நியாயம் இருக்கு சொல்லுங்க. படம் சரின்னா எதுக்குக் கண்ணைக் காட்டணும்? படம் தப்புன்னா எதுக்கு அப்படியே இருக்கணும்? கேட்டேன். தினமும் காலையில காப்பியை வச்சுட்டு, "எப்ப வர்றீங்க?" மத்தியானம் சாப்பாடு போட்டுட்டு, "எப்ப வர்றீங்க?" ஸ்லைடர் பிடிக்கற கையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்ப வர்றீங்க?"

அப்பத்தான் எனக்கு இந்த யோசனை தோணுச்சு. வர்றேன், ஆனா சர்டிபிகேட்டுக்குத்தான் வர்றேன்னு சொல்லிட்டேன். அதோட ஒரு கண்டிஷனும் போட்டேன். "நீ அந்தக் கத்திரிப்பூ பட்டைக் கட்டிக்கிட்டு வரணும். போட்டோவை நான் எடுத்துக்கிட்டு வர்றேன். டாக்டர் முன்னாடி சேலையையும் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல பிடிப்பேன். ஒண்ணுக்கு ஒண்ணு சரியா இருக்கான்னு அவரே சொல்லட்டும்." நல்ல ரோஷமான யோசனைதானே? அவளும் சரின்னு தலையை ஆட்டினா.

இன்னைக்குக் காலையில பாத்தா, என்ன கட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்கறீங்க? ஏதோ காப்பிப்பொடி கலர்ல ஒரு சேலை! பழைய சேலை, மண்ணுல புரட்டி எடுத்த மாதிரி. எனக்கு வந்துச்சே கோபம். "நான் சொன்னது என்ன, நீ கட்டினது என்ன? வேணும்னுதானே பண்ற?"ன்னு கத்தினேன். ஒரு வார்த்தை பேசணுமே! சேலைத் தலைப்பை விரல்ல பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. கண்ணுல தண்ணி முட்டுது. அப்புறம் "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னா. வழி பூரா நான் பேசல. இங்க வந்தும் நான் இந்த பெஞ்சுல, அவ அந்தா அந்தப் பக்கம் தண்ணிக் குழாய்கிட்ட உக்காந்திருக்கா. உக்காந்திருக்கட்டும். போட்டோ என்கிட்ட இருக்கு, தனியா இன்னொரு பிரிண்ட் போட்டு இந்தப் பையில சுருட்டி வச்சிருக்கேன். சேலை இல்லாட்டி என்ன, கலரை என் மனசுலேர்ந்து எடுத்து நான் சொல்லுவேன் டாக்டருக்கு.

ஒருவேளை இங்கயும் புரைன்னு சொன்னாங்கன்னா? சொல்ல மாட்டாங்க. சொன்னாங்கன்னு வைங்களேன், சும்மா பேச்சுக்கு. சொல்லிட்டுப் போகட்டும். கண்ணைக் கிழிச்சு என்ன லென்ஸ் வேணா வைக்கட்டும். அந்தப் படத்தை நான் கழட்ட மாட்டேன். கலரை ஒரு இம்மி குறைக்க மாட்டேன். அவளை நான் பாத்தது அப்படித்தான், அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. டாக்டரும் சொல்ல முடியாது, இம்மானுவேல் சாரும் சொல்ல முடியாது. சொர்ணமே வந்து சொன்னாலும்…

இருங்க, இருங்க. என் பேரைக் கூப்பிடற மாதிரி இருக்கு.

ஆமாம்மா, தனுஷ்கோடி நான்தான். கண்ணைத் திறக்கலாமா? திறந்துட்டேன். அப்பா, என்ன வெளிச்சம், கண்ணு கூசுது. கூட வந்தவங்களா? இருக்காங்க, அந்தா அங்க.

கேட்டீங்களா அண்ணாச்சி, இந்த நர்ஸம்மா யாரைக் கூப்பிடுதுன்னு? "கத்திரிப்பூ கலர்ப் பட்டுச்சேலைம்மா, நீங்கதானே இவரு கூட வந்தீங்க, வாங்க"ங்குது. என் பேரைச் சொல்லிட்டு வேற யாரையோ கூப்பிடுது. ஏம்மா, என் வீட்டுக்காரி காப்பிப்பொடி கலர்ச் சேலை. கத்திரிப்பூ இங்க யாரும்மா கட்டியிருக்கா? எனக்கு ஒருத்தரும் தெரியலையே.

நீ எதுக்கு எழுந்திரிச்சு வர்ற சொர்ணம்? உன்னைக் கூப்பிடல. அவங்க வேற யாரையோ…

அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் கண்ணைத் திறங்க. இன்னொரு சொட்டு விட்டா விடட்டும், எனக்காகத் திறங்க. இந்தா, இப்ப என் பக்கத்துல நிக்கறாளே, இவதான். இவ கட்டியிருக்கற சேலை என்ன கலர்?

ஓ.

இல்ல, இருக்கும். டியூப் லைட்டு அண்ணாச்சி. டியூப் லைட்டுல கத்திரிப்பூ எடுபடாது, இப்படித்தான் மண் கலராத் தெரியும். பெயிண்ட் கடைக்காரன் நான் சொல்றேன்ல. காலையில வீட்டுலயும் டியூப் லைட்டுதான் எரிஞ்சுது.

ஏன் சொர்ணம், காலையிலயே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? நான் அத்தனை கத்து கத்தறேன், நீ பாட்டுக்குப் பாத்துக்கிட்டே நிக்கற. அழாத. கண்ணைத் துடைக்காத, கை படக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கள்ல. பையை நீ எடுத்துக்க, போட்டோ கசங்காம எடு. வர்றேம்மா நர்ஸம்மா, வந்துக்கிட்டுத்தானே இருக்கேன். அண்ணாச்சி, நான் படத்தைக் கழட்ட மாட்டேன்னு சொன்னேன்ல, அதுல மாத்தமே இல்ல.

கையை விடு சொர்ணம். படியெல்லாம் எனக்குத் தெரியுது.

இல்ல, பிடிச்சுக்க. தெரியுது எனக்கு. சும்மா பிடிச்சுக்க.